மனசு சரியில்லை என்று விடுப்பு எடுப்பது எப்படி

கடலூரில் ஓர் அரசு அலுவலகத்தில் பணியமைப்புப் பிரிவில் இருக்கிறேன். யார் விடுப்புப் போட்டாலும் விண்ணப்பம் என் மேஜைக்கு வந்துதான் அதிகாரியிடம் போகும். பணிப்பதிவேட்டை எடுத்து, கணக்கில் எத்தனை நாள் மிச்சமிருக்கிறது என்று பார்த்து, குறிப்பு எழுதி வைப்பது என் வேலை. காய்ச்சல், முதுகுவலி, மஞ்சள் காமாலை, மாமியாருக்குக் கண் ஆபரேஷன், மகளுக்குப் பிரசவம் என்று எல்லாக் காரணமும் பார்த்தாயிற்று. மூன்று வாரமாகத் தூக்கமில்லை, கோப்பைப் பிரித்தால் அழுகை வருகிறது என்று எழுதிக் கொடுத்தவர் யாருமில்லை. எதிர் நாற்காலியில் உட்கார்ந்து, குரலைத் தாழ்த்தி, "அக்கா, எம்.சி. போட்டா என்ன ஆகும்?" என்று, அதாவது மருத்துவச் சான்று வைத்து விடுப்புப் போட்டால் என்று, கேட்டவர்கள் நிறையப் பேர்.

அதிகம் கேட்டது 2025 பொங்கலுக்குப் பிறகு. 2024 நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரை கடந்தது. அது போன கையோடு சாத்தனூர் அணையில் திறந்துவிட்ட தண்ணீர் தென்பெண்ணையில் பெருகிக் கடலூர்த் தெருக்களுக்குள் வந்தது. அப்புறம் கணக்கெடுப்பு, பட்டியல், நிவாரணம். எங்கள் பக்கம் குடும்ப அட்டைக்கு 2,000 ரூபாய், புதுச்சேரியில் 5,000. "அந்தாண்ட அஞ்சாயிரம், இங்க ரெண்டாயிரமா?" என்று ஜனங்கள் கேட்டது கோட்டையில் இருப்பவர்களை அல்ல, எதிரே உட்கார்ந்து பட்டியல் சரிபார்த்தவர்களை. தன் வீட்டுச் சேற்றை வழிக்க நேரமில்லாமல் ஊரார் வீட்டுச் சேற்றைக் கணக்கெடுத்தவர்கள் அவர்கள். அந்த அலுப்பு தூங்கி எழுந்தால் போகிற அலுப்பு இல்லை.

அந்த வருடம் நானும் விடுப்பு எடுத்தேன். மேஜைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இருந்து பார்த்தவள் என்ற முறையில் எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். சுருக்கமாகச் சொன்னால், விண்ணப்பத்தில் கையெழுத்து வாங்குவது பாதி வேலைதான். மீதிப் பாதி வீட்டில் இருக்கிறது. அதைச் செய்யாமல் விடுப்பு எடுத்தவர்கள் பெரும்பாலும் போனதைவிடக் களைத்துத் திரும்பி வந்தார்கள்.

எதிலிருந்து விடுப்பு?

இதை முதலில் முடிவு செய்யுங்கள். அலுவலகத்திலிருந்தா, வீட்டிலிருந்தா, குறிப்பிட்ட ஓர் ஆளிடமிருந்தா, கைபேசியிலிருந்தா?

கண்டுபிடிக்க நான் எல்லாரிடமும் ஒரு கேள்விதான் கேட்பேன். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வயிற்றைப் பிசைகிறதா, அல்லது வெள்ளிக்கிழமை சாயங்காலமா? ஞாயிறு என்றால் பாரம் அலுவலகத்தில். வெள்ளி என்றால், அதாவது ஐந்தே முக்காலுக்கு எல்லாரும் கிளம்பிய பிறகும் பையைத் தூக்க மனமில்லாமல் உட்கார்ந்திருந்தால், பாரம் வீட்டில். வீட்டில் பாரத்தை வைத்துக்கொண்டு அலுவலகத்துக்கு விடுப்புப் போட்டால் இருபத்துநாலு மணி நேரமும் அதன் கூடவே இருக்க வேண்டி வரும். எங்கள் அலுவலகத்து உதவியாளர் ஒருவருக்கு இப்படித்தான் ஆனது. பத்து நாள் ஈட்டிய விடுப்பு, அதாவது வேலை செய்யச் செய்யக் கணக்கில் சேரும் விடுப்பு, எடுத்தார். அந்தப் பத்து நாளில் வீட்டுக்கு வெள்ளையடித்தார்கள், நாத்தனார் குடும்பம் வந்து தங்கியது, மாமனாருக்கு ரத்தப் பரிசோதனைக்கும் அவரே அலைந்தார். "நீதான் சும்மா இருக்கியேம்மா" என்ற ஒரு வாக்கியத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. அவருக்குத் தேவைப்பட்டது விடுப்பு இல்லை, நெல்லிக்குப்பத்தில் இருக்கும் அம்மா வீட்டுக்குப் போய் நாலு நாள் இருப்பது.

ஞாயிறும் வெள்ளியும் ஒன்றாகவே தெரிகிறது, பிடித்த சாப்பாடு மண்ணாக இருக்கிறது, பிள்ளை வந்து மடியில் உட்கார்ந்தாலும் ஒன்றும் தோன்றவில்லை, விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்தால் பிறகு தூக்கமில்லை, இது இரண்டு வாரத்துக்கு மேல் நாள் தவறாமல் போகிறது என்றால் இதை அலுப்புக் கணக்கில் சேர்க்காதீர்கள். விடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் டாக்டர்.

டாக்டரிடம் போவது

கடலூர் அரசு தலைமை மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மாவட்ட மனநலத் திட்டமும் நடக்கிறது. புதுச்சேரி பக்கம் என்றால் கோரிமேட்டில் ஜிப்மர். காலையிலேயே போய்ச் சீட்டுப் போட வேண்டும், அன்று முழுதும் அதற்கே போய்விடும் என்று நினைத்துக்கொண்டு கிளம்புங்கள். தண்ணீர் பாட்டில், சாப்பாடு, படிக்க ஏதாவது. அரைநாள் தற்செயல் விடுப்பு போட்டுவிட்டு மதியம் அலுவலகம் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டவர்கள் எல்லாரும் வரிசையில் நின்றுகொண்டே போனில் விடுப்பை நீட்டித்தார்கள்.

தெரிந்தவர்கள் பார்த்துவிடுவார்களே என்ற பயம் எல்லாருக்கும் உண்டு. மஞ்சக்குப்பத்தில் யாரைப் பார்த்தாலும் யாருக்காவது சொந்தம். அதனால் கடலூர்க்காரர்கள் புதுச்சேரிக்கு பஸ் ஏறுகிறார்கள். புதுச்சேரி முத்தியால்பேட்டையிலிருந்து ஒருவர் இதே காரணத்துக்காக எங்கள் ஊர் டாக்டரிடம் வந்து போவதாகச் சொன்னார். இருபது சொச்சம் கிலோமீட்டர்தான், போய் வருவதால் மனசு நிம்மதி என்றால் தாராளமாகப் போங்கள். இந்தப் பக்கத்து பஸ்ஸில் அவரும் அந்தப் பக்கத்து பஸ்ஸில் நாமும் கிருமாம்பாக்கத்தில் எதிரெதிரே கடந்து போவதை நினைத்தால் எனக்குச் சிரிப்பு வரும். 2017ஆம் ஆண்டு மனநலப் பராமரிப்புச் சட்டம், நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைத்திருக்க வேண்டும் என்று மருத்துவமனைக்குக் கட்டளை இடுகிறது. காத்திருக்கும் பெஞ்சில் பக்கத்தில் உட்கார்பவர்களுக்கு அந்தச் சட்டம் பொருந்தாது, அவ்வளவுதான்.

நேரில் போகத் தயக்கமாக இருந்தால் 14416. டெலி மானஸ் என்று பெயர், மத்திய அரசு 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. காசு கிடையாது, ராத்திரி பகல் எந்நேரமும் எடுப்பார்கள், தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 எண்ணும் இருக்கிறது.

டாக்டர் முன் உட்கார்ந்ததும் தொண்டை அடைத்துக்கொள்ளும். அதனால் ஒரு துண்டுத் தாளில் முன்பே எழுதிக்கொண்டு போங்கள்: எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எப்போது விழிக்கிறீர்கள், சாப்பாடு எப்படி, எடை குறைந்ததா கூடியதா, எப்போதிலிருந்து, வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், குடிப்பழக்கம் உண்டா. பெண்கள் மாதவிலக்கு விவரத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். தைராய்டு, ரத்தசோகை, பி12 குறைவு இவையெல்லாம் மனச்சோர்வு மாதிரியே காட்டும் என்பதால் ரத்தப் பரிசோதனை எழுதித் தந்தால் "எனக்கு மனசுதானே கஷ்டம், ரத்தம் எதுக்கு?" என்று கேட்காமல் எடுத்துவிடுங்கள்.

மனநல மருத்துவர் வேறு, உளவியலாளர் வேறு. முன்னவர் எம்.பி.பி.எஸ். படித்து மேலே படித்தவர், மாத்திரை எழுதுவார். பின்னவர் பேசிச் சிகிச்சை தருவார், மாத்திரை எழுத மாட்டார். பலருக்கு இரண்டும் சேர்ந்தே தேவைப்படும். மனச்சோர்வுக்கான மாத்திரை தலைவலி மாத்திரை போல உடனே கேட்காது, பலன் தெரியச் சில வாரம் ஆகும். பலன் தெரிந்ததும் நிறுத்திவிடுவது நம் ஆட்களின் வழக்கம். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள். மருத்துவ விடுப்பு வேண்டும் என்றால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள், பின்தேதியிட்டுச் சான்று கேட்டு டாக்டரைச் சங்கடப்படுத்தக் கூடாது.

ஒன்றை மட்டும் தனியாகச் சொல்கிறேன். செத்துப்போனால் தேவலை என்ற நினைப்பு வந்து வந்து போகிறது என்றால் மேலே சொன்ன வரிசை எதுவும் வேண்டாம். விண்ணப்பம், அனுமதி, கோப்பு எல்லாம் கிடக்கட்டும். வீட்டில் ஒருவரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள், 14416க்குப் பேசுங்கள், அல்லது நேராக அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்குப் போங்கள், ராத்திரி என்றாலும். கூட இருப்பவர்களுக்கு: அவரைத் தனியே விடாதீர்கள். நிலம் வைத்திருக்கும் வீடுகளில் பூச்சிமருந்து எட்டுகிற இடத்தில் இருக்கும், அதையும் மாத்திரை டப்பாவையும் எடுத்துப் பூட்டி வைத்து, சாவியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். விண்ணப்பத்தை மறுநாள் யாராவது கொண்டுவந்து கொடுத்தால் போதும், நாங்கள் வாங்கிக்கொள்வோம்.

காகித வேலை

இது என் பேட்டை, கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

தமிழ்நாடு அரசு ஊழியருக்கு வருடத்துக்குத் தற்செயல் விடுப்பு 12 நாள், ஈட்டிய விடுப்பு 30 நாள். இது தவிர மருத்துவச் சான்றின் பேரில் ஈட்டா விடுப்பு, நாம் மருத்துவ விடுப்பு என்று சொல்வது இதைத்தான், அது பணிக்காலத்தைப் பொறுத்துக் கூடும். ஆற்றைத் தாண்டிப் புதுச்சேரி அரசில் வேலை என்றால் மத்திய அரசு விதிகள். தற்செயல் விடுப்பு 8 நாள்தான், ஈட்டிய விடுப்பு அங்கேயும் 30. கூடவே அரைச்சம்பள விடுப்பு வருடத்துக்கு 20 நாள் சேரும். மருத்துவச் சான்று கொடுத்தால் இரண்டு அரைச்சம்பள நாளை ஒரு முழுச்சம்பள நாளாக மாற்றி எடுக்கலாம். இந்த மாற்று விடுப்பு இருப்பது பலருக்கு ஞாபகமே இருப்பதில்லை. கணக்கில் நூறு நூற்றைம்பது நாள் தூங்கிக்கொண்டிருக்க, சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுப்பார்கள். விண்ணப்பம் எழுதுவதற்கு முன் உங்கள் பிரிவு எழுத்தரிடம் போய், "என் விடுப்புக் கணக்கைக் கொஞ்சம் காட்டுங்க" என்று கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை. ஒரு டீ வாங்கிக் கொடுத்தால் வேகமாகக் காட்டுவோம்.

நாலைந்து நாள் போதும் என்றால் என் யோசனை ஈட்டிய விடுப்புதான். 'சொந்தக் காரணங்களுக்காக' என்று எழுதினால் போதும். மருத்துவச் சான்று வேண்டாம், திரும்பும்போது இவர் வேலை பார்க்கலாம் என்று டாக்டர் எழுதித் தரும் தகுதிச் சான்றும் வேண்டாம். தற்செயல் விடுப்பையும் ஈட்டிய விடுப்பையும் ஒட்டவைத்துப் போட முடியாது, ஏதாவது ஒன்று. முன்னும் பின்னும் வரும் சனி ஞாயிறைச் சேர்த்து அனுபவிக்க அனுமதி வேண்டும் என்று விண்ணப்பத்திலேயே ஒரு வரி எழுதுங்கள். வெளியூர் போவதாக இருந்தால் தலைமையிடத்தை, அதாவது வேலை பார்க்கும் ஊரை, விட்டு வெளியேற அனுமதியும் அதே தாளில் கேட்டுவிடுங்கள்.

டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லி, நாளும் அதிகம் என்றால் மருத்துவ விடுப்பு. பதிவு பெற்ற மருத்துவரின் சான்று வேண்டும், வேலையில் சேரும் அன்று தகுதிச் சான்று வேண்டும். ரொம்ப நீண்டால் மருத்துவக் குழுவுக்கு அனுப்புவார்கள், அதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. விண்ணப்பத்தில் 'உடல்நலக் குறைவு காரணமாக' என்று எழுதினால் போதும், கதை எழுத வேண்டாம். மூன்று பக்கத்துக்கு மேலதிகாரியின் கொடுமைகளை எழுதி விடுப்பு கேட்ட விண்ணப்பம் ஒன்று என் மேஜைக்கு வந்தது. எல்லாம் உண்மைதான். ஆனால் அது புகார் மனுவாக வேறொரு கோப்பில் இருக்க வேண்டியது. விடுப்போடு கலந்தால் இரண்டும் நகராது. சான்றில் நோயின் பெயரை எப்படி எழுதப்போகிறார் என்று டாக்டரிடமே கேட்டுக்கொள்ளுங்கள். வயிற்று வலி என்று பொய்ச் சான்று வாங்காதீர்கள். பின்னால் விடுப்பை நீட்டிக்க வேண்டி வந்தால் வயிற்று வலியையே தொடர வேண்டியிருக்கும்.

பணிப்பதிவேட்டில் நான் என்ன எழுதுகிறேன் என்று பலர் பயந்து கேட்கிறார்கள். எந்த வகை விடுப்பு, எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ஆணையின்படி. இவ்வளவுதான். பதவி உயர்வுப் பட்டியல் வரும்போது "இவருக்கு 2025ல் மனசு சரியில்லை" என்று அந்தப் பக்கத்திலிருந்து யாரும் படிக்க முடியாது.

தனியார் வேலையில் இருப்பவர்களுக்கு. தமிழ்நாட்டுக் கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டம் 1947ஆம் வருடத்தது. அதில் நோய்க்கு 12 நாள், தற்செயலாக 12 நாள், ஒரு வருடம் முடித்தவர்களுக்கு இன்னும் 12 நாள் சம்பளத்தோடு உண்டு. பஜாரில் ஜவுளிக்கடையில் நிற்கும் பெண்ணுக்கு இதை யாரும் சொல்வதில்லை, கேட்டால் முதலாளி எப்படி முறைப்பார் என்பதும் எனக்குத் தெரியும். சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. என்ற தொழிலாளர் காப்பீட்டுக்குப் பிடித்தம் இருந்தால் நிலைமை கொஞ்சம் தேவலை. என் வீட்டுக்காரர் புதுச்சேரியில் ஒரு கம்பெனியில் இருப்பதால் தெரிந்துகொண்டது: மாதச் சம்பளம் 21,000 ரூபாய் வரை இருப்பவர்கள் இதில் வருவார்கள். ஆறு மாதப் பங்களிப்புக் காலத்தில் 78 நாளாவது பங்களிப்பு இருந்தால், ஈ.எஸ்.ஐ. டாக்டர் சான்றின் பேரில் வருடத்துக்கு 91 நாள் வரை கூலியில் 70 சதவீதம் நோய்க்காலப் பலனாகக் கிடைக்கும். சில கடுமையான மனநோய்களுக்கு இதையும் தாண்டி நீட்டிப்பு உண்டு. தனியார் மருத்துவக் காப்பீடு வைத்திருந்தால், உடல் நோய்க்கு இருக்கிற மாதிரியே மனநோய்க்கும் வசதி இருக்க வேண்டும் என்று அதே 2017 சட்டம் சொல்கிறது. பாலிசியை எடுத்துப் பாருங்கள்.

விடுப்பே இல்லாத வேலைகளும் இருக்கின்றன. கொத்தனார், வீட்டு வேலை, மீன்பிடி. தேவனாம்பட்டினத்து விசைப்படகுக்காரர்களுக்கு ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. சம்பாத்தியம் இல்லாமல் கரையில் உட்கார்ந்திருக்கும் அந்த நாட்களை ஓய்வு என்று யாராவது சொன்னால் அடிக்க வருவார்கள். அவர்களுக்கு நான் சொல்லக்கூடியது குறைவு. டாக்டரிடம் போக ஒரு நாள், தூங்க ஒரு நாள், மாதத்தில் இந்த இரண்டையாவது வீட்டார் விட்டுத்தர வேண்டும்.

எப்போது போடுவது? மார்ச்சில் நிதியாண்டு முடிவு, கேட்கவே வேண்டாம். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வங்கக் கடலில் ஒரு சுழி போட்டாலே எங்கள் மாவட்டத்தில் கொடுத்த விடுப்பையும் ரத்து செய்துவிடுவார்கள். பொங்கல் முடிந்து பிப்ரவரி கடைசிக்குள் வருவதுதான் நல்ல காலம், வெயிலும் ஏறியிருக்காது. ஆனால் உடம்பும் மனசும் பிப்ரவரிக்காகக் காத்திருக்காது. தாங்க முடியவில்லை என்றால் மார்ச் 25ஆம் தேதியானாலும் போடுங்கள். நிதியாண்டு நீங்கள் இல்லாமலும் முடியும்.

அதிகாரியிடம் நேரில் சொல்லிவிட்டு விண்ணப்பம் கொடுப்பது நல்லது. நீளமாகப் பேச வேண்டாம். "சார், உடம்புக்கு முடியலை. டாக்டர் ஓய்வு எடுக்கச் சொல்லியிருக்கார். திங்கள்ல இருந்து போடறேன். என் சீட்டை பக்கத்து சீட் மேடம் பார்த்துக்கறேன்னாங்க." என்ன உடம்புக்கு என்று கேட்டால், "தூக்கம் இல்லை சார், மருந்து எடுத்துட்டிருக்கேன்" போதும். பொய்யும் இல்லை, முழுசும் இல்லை.

பொறுப்பு ஒப்படைக்க ஒரே ஒரு தாள். நிலுவைக் கோப்புகள், எது எந்தத் தேதிக்குள் போக வேண்டும், பீரோச் சாவி யாரிடம். தாளின் கடைசியில், எந்த விஷயத்துக்கு மட்டும் என்னைக் கூப்பிடலாம் என்று எழுதினேன். நீதிமன்ற வழக்கு, தணிக்கை, இந்த இரண்டுக்கும் மட்டும். எழுதி வைத்ததால் "அந்த பழைய சர்க்குலர் எங்கே மேடம்?" என்ற அழைப்புகள் வரவில்லை. அலுவலக வாட்ஸாப் குழுவிலிருந்து வெளியேறாதீர்கள், அதுவே பேச்சாகிவிடும். ஒலியை அடைத்து, ஆர்க்கைவ் செய்துவிடுங்கள்.

வீட்டில் சொல்ல வேண்டியது

ஆண்கள் இந்தப் பகுதியைப் படித்துவிட்டு மனைவியிடம் கொடுக்க வேண்டாம், நீங்களே செய்யுங்கள்.

விடுப்பு தொடங்குவதற்கு முந்தின ஞாயிறு எல்லாரையும் உட்காரவைத்துச் சொல்லிவிட வேண்டும். நான் சொன்னது: காலைச் சமையல் செய்வேன், ராத்திரிக்கு டிபன் கடையில் வாங்கிக்கொள்ளலாம். கேஸ் புத்தகம், வங்கி, கரண்ட் பில், ரேஷன், பள்ளிக்கூட மீட்டிங் எதுவும் இந்த நாட்களில் என் தலையில் வராது. உறவுக்காரர்களிடம் நான் விடுப்பில் இருப்பதைச் சொல்ல வேண்டாம். மதியம் அறைக்கதவு சாத்தியிருந்தால் தட்ட வேண்டாம். மாமியார் முதலில் முகத்தைத் தூக்கினார். "எங்க காலத்துல இப்படியெல்லாம் இல்லையேம்மா" என்றார். இருந்தது அத்தை, அதற்கு 'சாமி வந்திருக்கு', 'காத்துக் கருப்பு' என்று வேறு பெயர் வைத்திருந்தீர்கள் என்று சொல்ல நாக்கு வரை வந்தது. சொல்லவில்லை. டாக்டர் சொன்னார் என்றேன். டாக்டர் பெயருக்கு எங்கள் வீட்டில் மரியாதை அதிகம்.

டிபன் கடைச் செலவுக்கு முன்பே பணம் ஒதுக்கி வையுங்கள். காசு போகிறதே என்ற கவலையில்தான் மூன்றாம் நாள் எழுந்து மாவரைக்கப் போய்விடுகிறோம்.

நாட்களை எப்படிக் கழிப்பது

முதல் இரண்டு நாள் தூக்கம் தவிர எதையும் எதிர்பார்க்காதீர்கள். அதன்பின் எழும் நேரத்தை மட்டும் ஒரே நேரமாக வைத்துக்கொள்ளுங்கள். தூங்கும் நேரம் அதன் பின்னாலேயே வந்துவிடும்.

மூன்றாம் நாள் வாக்கில் குற்ற உணர்ச்சி வரும். எல்லாரும் வேலை செய்கிறார்கள், நான் மட்டும் இப்படி, என்று. எனக்கு ஒன்றுமே இல்லையோ, நடிக்கிறேனோ என்றுகூடத் தோன்றும். அது வரும், வந்துவிட்டுப் போகும். அதற்குப் பரிகாரமாகப் பரணைச் சுத்தம் செய்ய ஏறாதீர்கள்.

தினம் ஒரு முறை வெளியே கால் வைக்க வேண்டும், மனமில்லாவிட்டாலும். மனம் வந்த பிறகு போகலாம் என்று இருந்தால் போகவே மாட்டோம், போன பிறகுதான் கொஞ்சம் மனம் வரும். சில்வர் பீச் என்றால் சூரியன் எழுவதற்குச் சற்று முன் போங்கள். ஞாயிறு சாயங்காலம் அங்கே பஜ்ஜி வாசனையும் ராட்டினமும் கூட்டமும், அது வேறு வகைச் சந்தோஷம், இப்போதைக்கு வேண்டாம். மாசி மகத்தன்று அந்தப் பக்கமே தலைவைக்காதீர்கள், சுற்று வட்டாரச் சாமிகள் எல்லாம் தீர்த்தவாரிக்கு அங்கே வந்து இறங்கியிருக்கும். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் சாயங்காலம் தொடங்கி மறுநாள் காலை வரை வண்டி விடுவதில்லை, விடியற்காலையில் நடக்க அதைவிட நல்ல இடம் எங்கள் வட்டாரத்தில் இல்லை. வெயில் ஏறியதும் தாவரவியல் பூங்காவுக்குள் போய் மரத்தடியில் உட்காரலாம். படிக்கிற பழக்கம் இருந்தால் ரோமன் ரோலன் நூலகம், பத்திரிகை புரட்டினாலும் போதும்.

கோயில் உங்களுக்கு ஆறுதல் என்றால் பக்கத்துக் கோயிலுக்குப் போங்கள். திருப்பாதிரிப்புலியூர் பாடலீசுவரர் கோயிலில் பிரதோஷம் இல்லாத நாளின் சாயங்காலம் பிராகாரத்தில் அரை மணி உட்காரலாம். கல்லில் கட்டிக் கடலில் போட்ட அப்பர் கரையேறிய ஊர் இது என்று பள்ளிக்கூடப் பேச்சுப்போட்டியில் நான் முழங்கியிருக்கிறேன். திருவந்திபுரம் மலைப்படி ஏறி இறங்குவதும் நல்ல நடைதான், முகூர்த்த நாளில் போனால் கல்யாணக் கூட்டத்தில் சிக்கிக்கொள்வீர்கள். ஆனால் விடுப்பு கிடைத்ததே என்று ஒன்பது நவக்கிரகக் கோயிலுக்கும் வேன் பேசிக் கிளம்பாதீர்கள். அது தனியாக ஒரு வேலை. அதற்குத் தனியாக விடுப்பு எடுக்க வேண்டும்.

புதுச்சேரியில் ஓய்வு என்றாலே வெளியூர்க்காரர்கள் கண்சிமிட்டுவார்கள். எங்கள் ஊரிலிருந்தும் சனிக்கிழமை போகிற கூட்டம் தெரிந்ததே. ஆண் சகாக்கள் பலர் "ரெண்டு நாள் பாண்டி போய்ட்டு வந்தா சரியாயிடும்" என்று எழுந்து போய், செவ்வாய்க்கிழமை இன்னும் மோசமாக வந்து உட்கார்ந்ததைப் பார்த்திருக்கிறேன். சாராயம் சீக்கிரம் தூங்கவைக்கும், பாதி ராத்திரியில் எழுப்பியும் விடும். சோர்வை ஏற்றும். தூக்க மாத்திரையோடு சேர்ந்தால் உயிருக்கே ஆபத்து. மருந்து சாப்பிடும் நாட்களில் வேண்டவே வேண்டாம். டாக்டரிடம் குடிப்பதை மறைக்கவும் வேண்டாம்.

கைக்கு ஏதாவது சின்ன வேலை இருக்கட்டும். காலையில் முதுநகர் துறைமுகத்துக்குப் போய் மீன் வாங்கி வந்து சுத்தம் செய்வது எனக்குப் பிடித்திருந்தது. வேறு யோசனைக்கு இடம் கொடுக்காத வேலை அது. புது டயட், ஜிம், இணையப் படிப்பு எதையும் இந்த நாட்களில் ஆரம்பிக்காதீர்கள்.

திரும்பிச் சேருவது

விடுப்பு முடியும் நாளுக்கு முன்பே டாக்டரைப் பார்த்துத் தகுதிச் சான்று வாங்கிவிடுங்கள், கடைசி நாள் ஓடக் கூடாது. இன்னும் முடியவில்லை என்று டாக்டர் சொன்னால் நீட்டிப்பு விண்ணப்பமும் விடுப்பு முடிவதற்குள் அலுவலகம் வந்து சேர வேண்டும், தாமதமானால் அனுமதியின்றி வராத கணக்கில் விழும்.

முடிந்தால் வியாழக்கிழமை சேருங்கள். இரண்டு நாள் வேலை, அப்புறம் சனி ஞாயிறு. திங்கட்கிழமை சேர்ந்தால் ஐந்து நாள் மலைபோல் தெரியும். முதல் நாள் மேஜையில் குவிந்ததை எல்லாம் முடித்துக் காட்ட வேண்டும் என்ற வேகம் வரும். தேதி வைத்த கோப்புகளை மட்டும் பிரித்து எடுங்கள், மீதி அடுத்த வாரம்.

"என்ன மேடம், இளைச்சுட்டீங்களே, என்ன உடம்புக்கு?" என்று வாசலிலேயே கேட்பார்கள். "இப்ப பரவாயில்ல" என்று சொல்லிக்கொண்டே நடந்துவிட வேண்டும், நின்றால் இரண்டாவது கேள்வி வரும். நெருங்கிய ஒருவரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லி வைப்பது நல்லது. மறுபடி நாம் தொய்வடைந்தால் நமக்கு முன்னால் அவர் கண்ணில்தான் படும்.

அடுத்து டாக்டரைப் பார்க்கும் தேதி எப்போதும் வேலை நாளில்தான் வரும். அந்தத் தேதிகளுக்கென்று தற்செயல் விடுப்பில் சில நாட்களை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், ஜனவரியிலேயே எல்லாவற்றையும் கல்யாணம் கிரகப்பிரவேசத்துக்குச் செலவழித்துவிடாமல். தேதி தெரிந்ததும் விண்ணப்பத்தை எழுதிப் பிரிவில் கொடுத்துவிடுங்கள். ஒரு நாள் முன்னால் வந்து நின்றால் நாங்களும் முகம் சுளிப்போம்.